கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவ என்னென்ன வாங்க வேண்டும்?

புதுச்சுருள்:
வணக்கம். ஹெச்பி5 பிளஸ், 35 மி.மீ., 36 படம், இரண்டு ரோல் எடுத்து முடித்தாயிற்று. லேபில் கொடுக்காமல் வீட்டிலேயே கழுவப் பழக வேண்டும் என்று ஆசை. ஜன்னல் இல்லாத குளியலறை இருக்கிறது. ஆனால் கதவுக்கு அடியில் ஒரு விரல் அளவுக்கு வெளிச்சம் வருகிறது. எழுதி வைத்திருக்கும் பட்டியல்: சிவப்பு பல்பு, மூன்று டிரே, டெவலப்பர், ஹைப்போ, தெர்மாமீட்டர், கதவுக்குக் கறுப்புத் துணி.

இதில் எது தேவை, எது வீண்? இன்னொரு சந்தேகம்: அட்டவணைகளில் 20 டிகிரி என்று போட்டிருக்கிறது. குழாய்த் தண்ணீரோ 29-க்குக் கீழே இறங்குவதே இல்லை. பிரிண்ட் போடும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, நெகட்டிவை ஸ்கேன் செய்தால் போதும்.

வெள்ளியுப்பு:
பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது சிவப்பு பல்பு. சினிமாவில் பார்க்கிற சிவப்பு வெளிச்சம் பிரிண்ட் போடும் காகிதத்துக்கு. அந்தக் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. ஹெச்பி5 எல்லா நிறத்தையும் பார்க்கிற ஃபிலிம், சிவப்பு வெளிச்சத்தில் ஒரு நொடி காட்டினாலும் ரோல் முழுக்கக் கறுத்துப் போகும். டிரே மூன்றும் பிரிண்டுக்குத்தான், அதையும் அடித்துவிடுங்கள். கறுப்புத் துணியும் வேண்டாம்.

ஏனென்றால், ஃபிலிம் கழுவ இருட்டறையே தேவையில்லை. இருட்டு தேவைப்படுவது, ஃபிலிமை ரீலில் சுற்றி டேங்குக்குள் வைத்து மூடும் வரைதான். சேஞ்சிங் பேக் என்ற இரட்டை ஜிப் பை அந்த வேலைக்குப் போதும். மூடிய பிறகு மேசை மேல், பளிச்சென்ற விளக்கின் கீழ் மற்ற எல்லாவற்றையும் செய்யலாம்.

வாங்க வேண்டியவை: இரண்டு ரீல் கொள்ளும் பிளாஸ்டிக் டேங்க், சேஞ்சிங் பேக் (பெரியதாக, உள்ளே கை தாராளமாக அசைய வேண்டும்), அரை டிகிரி காட்டும் தெர்மாமீட்டர், 1 லிட்டர் அளவுக் குவளை இரண்டு, 100 மில்லி அளவுக் குழாய், ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்ச், இறுக்கி மூடும் 1 லிட்டர் புட்டிகள் மூன்று, கேசட் திறக்க பாட்டில் ஓப்பனர், மழுங்கிய முனைக் கத்தரிக்கோல், ஃபிலிம் தொங்கவிடக் கிளிப் இரண்டு, கையுறை. நேரம் பார்க்க கைபேசி போதும். ஆனால் அதை பேக்குக்குள் கொண்டு போகாதீர்கள், கையில் கட்டியிருக்கும் ஒளிரும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

பேட்டர்சன் டேங்க் என்றால் ஒரு 35 மி.மீ. ரீலுக்கு 290 மில்லி, இரண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லி. அடிப்பாகத்திலேயே அச்சிட்டிருக்கும். டேங்குக்கு நடுவில் செருகும் கறுப்புக் குழாயைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். புனல் மூடி வழியாக வரும் வெளிச்சத்தைத் தடுப்பது அந்தக் குழாய்தான். அதை வைக்க மறந்தால் மூடி எவ்வளவு இறுகியிருந்தாலும் ஃபிலிம் போச்சு. மூடியைத் திருகும்போது 'டிக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்காமல் பேக்கைத் திறக்கவே கூடாது.

மருந்து மூன்று: படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர், அதை நிலைநிறுத்தும் ரேப்பிட் ஃபிக்ஸர் (உங்கள் பட்டியலில் இருக்கும் ஹைப்போவின் வேலை இதுதான்), கடைசியில் ஈரம் வழுக்கி ஓட வெட்டிங் ஏஜென்ட். டெவலப்பரில் ஐடி-11 பவுடரைச் சொல்வேன். 750 மில்லி தண்ணீரை 40 டிகிரிக்குச் சூடாக்கி, முதலில் 'ஏ' பொட்டலம் முழுவதும் கரைந்த பிறகு 'பி' பொட்டலம், அப்புறம் 1 லிட்டருக்கு நிரப்ப வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கரைத்து மீதியை வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பவுடருக்குள் பொருள்கள் சமமாகக் கலந்திருக்காது, ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். கரைக்கும்போது தூசியை மூச்சில் இழுக்காமல் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இந்தப் பவுடரில் உள்ள மெட்டால் என்ற பொருள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், கையுறை அதற்காகத்தான்.

ஹெச்பி5-ஐ அதன் இயல்பான ஐஎஸ்ஓ 400-லேயே எடுத்திருந்தால் 20 டிகிரியில் ஐடி-11 நேராக ஊற்றினால் 7½ நிமிடம், சம அளவு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். சமமாகக் கலந்ததை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், கொட்டிவிட வேண்டும். புதியவருக்கு இதுதான் நல்லது. ஒவ்வொரு ரோலுக்கும் மருந்து ஒரே வலுவில் இருக்கும். தப்பு வந்தால் 'மருந்து பழசோ' என்று குழம்ப வேண்டியதில்லை.

நிழலளவு:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். 29 டிகிரி விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் கழுவுகிறவர்களின் நெகட்டிவ் ஒன்றுபோல் வராமல் போவதற்கு முதல் காரணம் சூடுதான்.

ஒவ்வொரு டிகிரி ஏறினாலும் நேரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். 20-ல் 13 நிமிடம் என்றால் 24-ல் சுமார் 9 நிமிடம். 29-ல் அப்படியே ஊற்றினால் நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். ஊற்றுவதிலும் வடிப்பதிலும் போகும் பத்து இருபது நொடிகூட அங்கே கணக்கில் வந்துவிடும். எமல்ஷனும் (ஃபிலிமின் மேல் படம் பதியும் ஜெலட்டின் பூச்சு) அந்தச் சூட்டில் ஊறி இளகிவிடும், நகம் உரசினால் கோடு விழும். எந்த மருந்தானாலும் 5 நிமிடத்துக்குக் குறைவான நேரம் வந்தால் அதை ஒதுக்குங்கள், படத்தில் திட்டுத் திட்டாகக் கறுப்பு ஏறும். நேராக ஊற்றும் ஐடி-11-ஐ விட்டுவிட்டுச் சமமாகக் கலப்பதற்கு இது இன்னொரு காரணம்.

அதே சமயம் 20-ஐப் பிடித்துக்கொண்டு தொங்கவும் வேண்டாம். அறை 31-ல் இருக்கும்போது 20-ல் ஊற்றினால் முடிப்பதற்குள் 22 ஆகிவிடும். 24-ஐ இலக்காக வையுங்கள். வாளியில் பாதி தண்ணீர், அதில் உறைய வைத்த தண்ணீர் புட்டி ஒன்று. டெவலப்பர் குவளை, ஃபிக்ஸர் புட்டி, அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் அந்த வாளியிலேயே நிறுத்துங்கள். மருந்துக்குள் ஐஸ் கட்டி போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். டெவலப்பர் 23½ காட்டும்போது ஊற்றினால், கடைசியில் 24½ ஆனாலும் சராசரி சரியாக வரும். ஆட்டாத நேரமெல்லாம் டேங்க் வாளிக்குள்ளேயே நிற்கட்டும். ஆட்டும்போது மூடியையும் அடியையும் பிடியுங்கள். உள்ளங்கைச் சூடு 300 மில்லியைச் சட்டென்று ஏற்றிவிடும். ஒரே ஒரு ரோல் கழுவினாலும் 600 மில்லி ஊற்றலாம், அளவு கூடினால் சூடு மெதுவாகத்தான் ஏறும். அப்போது ஃபிலிம் உள்ள ரீல் கீழே, காலி ரீல் மேலே. அது இல்லாவிட்டால் ஆட்டும்போது ஃபிலிம் ரீல் குழாயில் வழுக்கி மேலேறி, மருந்துக்கு வெளியே நின்றுவிடும்.

தெர்மாமீட்டரை நம்பும் முன் சோதியுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் 37, 38 பக்கம் துல்லியமானது. அந்தச் சூட்டில் தண்ணீர் எடுத்து இரண்டையும் சேர்த்து முக்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு டிகிரி தள்ளிக் காட்டினால் அதை ஒட்டுத்தாளில் எழுதித் தெர்மாமீட்டரிலேயே ஒட்டுங்கள். மாற்றி மாற்றிப் பயன்படுத்தாமல் ஒரே தெர்மாமீட்டரோடு இருப்பது முக்கியம்.

ஆட்டுவது: முதல் 10 நொடியில் நான்கு தடவை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், அடியை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள், ஒட்டிய காற்றுக் குமிழி விலகும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு தடவை. காபி ஆற்றுகிற வேகத்தில் குலுக்கினால், ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் பல்துளை வழியாக மருந்து பீய்ச்சிப் படத்தின் ஓரத்தில் துளைக்கு நேரே கறுப்புக் கீற்று விழும்.

புதுச்சுருள்:
மிக்க நன்றி. காலாவதியான ரோல் ஒன்றை வைத்து ரீலில் சுற்றிப் பழகுகிறேன். வெளிச்சத்தில் சரியாக ஏறுகிறது. பேக்குக்குள் பாதி தூரம் போனதும் சிக்கிக்கொள்கிறது, தள்ளினால் மடங்குகிறது. அப்புறம், டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் கட்டாயமா? தண்ணீரில் உப்பு அதிகம், குழாய் முனையில் வெள்ளை படிகிறது. இது படத்தைப் பாதிக்குமா?

இருட்டுப்பை:
பேக்குக்குள் மட்டும் சிக்குகிறது என்றால் வியர்வை. பை காற்றுப் புகாதது, ஐந்து நிமிடம் கை உள்ளே இருந்தால் ஈரம் கட்டும். ஃபிலிமின் ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், ரீலின் சின்ன உருண்டைகளும் ஒட்டும்.

உள்ளே இருக்க வேண்டிய நேரத்தைக் குறைப்பதுதான் வழி. கேமராவில் சுருட்டும்போது ஃபிலிமின் நாக்கு வெளியே நிற்கும்படி விட்டால், அந்த நாக்கு வெளிச்சம் பட்டதுதானே, அதை வெளியிலேயே வெட்டலாம். நேராக, இரண்டு பல்துளைக்கு நடுவே வெட்டுங்கள். துளையைக் கிழித்து வெட்டினால் அந்தக் கூர்முனைதான் ரீலில் போய்க் குத்தும். இரண்டு மூலையையும் லேசாகச் சாய்வாகக் கத்தரியுங்கள். ரீலின் வாய்க்குள் நுழைத்து உருண்டைகளைத் தாண்டும்வரை இழுத்துவிட்டு, கேசட்டோடு அப்படியே பேக்குக்குள் வையுங்கள். கூடுதலாக ஃபிலிமை வெளியே இழுக்கக் கூடாது, நாக்கின் நீளம் மட்டும். உள்ளே போனதும் ரீலின் இரு பக்கத்தையும் முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் திருகினால் 1.6 மீட்டரும் ஒரு நிமிடத்தில் ஏறிவிடும். கடைசியில் சுழல் அச்சில் ஒட்டியிருக்கும் நுனியைக் கத்தரித்தால் முடிந்தது.

சிக்கினால் தள்ளவே கூடாது. ரீலின் பக்கத்தை உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள், அரைத் திருகு பின்னால் கொண்டு வந்து மறுபடி முயலுங்கள். வரவில்லையென்றால் முழுவதையும் உருவிவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது மேல். கை நனைந்துவிட்டதா? நடுக் குழாயைச் செருகி, ஃபிலிமைத் தளர்வாகச் சுருட்டி டேங்குக்குள் போட்டு மூடியைப் பூட்டுங்கள். இப்போது கையை வெளியே எடுத்துத் துடைத்து, காற்று வாங்கி, பேக்கை உலர்த்திவிட்டு நிதானமாகத் தொடரலாம். ஃபிலிம் பத்திரமாக இருக்கும். இது தெரியாமல் வியர்வையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டித்தான் பலர் முதல் ரோலைக் கெடுக்கிறார்கள்.

ஃபிலிமை வளைத்து மடித்த இடத்தில் பிறை நிலா வடிவில் கறுப்புக் கோடு வரும். அதைப் பார்த்தால் சுற்றும்போது அழுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ரீல் எலும்பு மாதிரி உலர்ந்திருக்க வேண்டும். வெளியே காய்ந்தது போலத் தெரியும், உருண்டைக்கு அடியில் ஒரு துளி நிற்கும். அது போதும், ஃபிலிம் அங்கேயே நின்றுவிடும். வெட்டிங் ஏஜென்ட் படிந்த ரீலும் இப்படித்தான் பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வெந்நீரில் தேய்த்து வையுங்கள். ஸ்டீல் ரீலுக்கு ஈரம் பிரச்சினையில்லை. ஆனால் அதில் நடுவிலிருந்து சுற்ற வேண்டும், கை பழக நாளாகும். பிளாஸ்டிக்கிலேயே தொடருங்கள்.

வெள்ளியுப்பு:
ஸ்டாப் பாத்: ஃபிலிமுக்கு வெறும் தண்ணீரில் இரண்டு முறை நிரப்பிக் கொட்டினாலும் நடக்கும். ஆனால் 9 நிமிடக் கணக்கில் ஓடும்போது டெவலப்பரை அந்த நொடியே நிறுத்துவது நல்லது, ஃபிக்ஸரும் சீக்கிரம் கெடாது. 1 லிட்டருக்கு 15 கிராம் சிட்ரிக் அமிலம் போதும், வாடை இல்லை, 30 நொடி. நேரம் முடிய 10 நொடி இருக்கும்போதே டெவலப்பரை வடிக்க ஆரம்பித்துவிடுங்கள். சில ஃபிலிம்களில் டெவலப்பர் ஊதாவாகவோ பச்சையாகவோ வெளியே வரும். பதற வேண்டாம், ஃபிலிமின் பின்பக்கச் சாயம் அது.

ஃபிக்ஸர்: ரேப்பிட் ஃபிக்ஸர் 1+4, அதாவது 600 மில்லிக்கு 120 மில்லி மருந்து, 480 தண்ணீர். நேரத்தைப் புட்டியைப் பார்த்து வைப்பதைவிட ஃபிலிமையே கேளுங்கள். வெட்டி எடுத்த நாக்கில் ஒரு துளி ஃபிக்ஸர் வைத்து 30 நொடி விட்டு, பிறகு துண்டு முழுவதையும் குவளை ஃபிக்ஸரில் போட்டு நேரம் பாருங்கள். சாம்பல் பூத்த பால் நிறம் மெல்லக் கரையும். துளி வைத்த வட்டம் முதலில் தெளிவாக நிற்கும். சுற்றியுள்ள இடமும் அதோடு ஒன்றாகி வட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போகிற நொடிதான் தெளியும் நேரம். அதைப்போல் இரண்டு மடங்கு ஃபிக்ஸ் செய்யுங்கள். டி-மேக்ஸ், டெல்டா போன்ற ஃபிலிம்களுக்கு மூன்று மடங்கு. புதிய ஃபிக்ஸரில் தெளிந்த நேரத்தைப் புட்டியில் எழுதி வையுங்கள். அது இரட்டிப்பான அன்று அந்தப் புட்டி ஓய்வு பெற வேண்டும்.

டெவலப்பருக்கும் இதே போலச் சோதனை உண்டு. வெளிச்சத்தில் ஒரு துண்டை அதில் போட்டால் சில நிமிடத்தில் கறுக்க வேண்டும். கறுக்காத டெவலப்பரில் படம் எடுத்த ஃபிலிமைப் போடாதீர்கள். இரண்டு ரோல் கழுவும் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டு சோதனையையும் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட்டு நிற்க வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி 5 தடவை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. மொத்தம் 2 லிட்டருக்கும் குறைவு. ஹார்டனர் (எமல்ஷனைக் கெட்டியாக்கும் மருந்து) கலக்காத ஃபிக்ஸருக்கு இது போதும். அந்த 2 லிட்டரை நிழலளவு சொன்ன வாளியில் முன்கூட்டியே 24-க்குக் கொண்டு வந்து வைத்தால், 29 டிகிரிக் குழாய் நீர் ஃபிலிமைத் தொடவே தொடாது.

உப்புத் தண்ணீர் அலச ஆகும், கடைசி முக்கலுக்கு ஆகாது. துளி காயும் இடத்தில் சுண்ணாம்பு வட்டம் படிந்து, ஸ்கேனில் வானம் முழுக்கப் புள்ளியாகத் தெரியும். காய்ச்சி வடித்த நீர் 600 மில்லி, அதில் வெட்டிங் ஏஜென்ட் 3 மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். நுரை காய்ந்தாலும் கறைதான். ஃபிலிமை ரீலிலிருந்து எடுத்து ஒரு கிண்ணத்தில் முக்குங்கள், ரீலில் பிசுபிசுப்பு சேராது. ஒரு நிமிடம். விரலால் வழிக்காமல், கீழ்முனையில் கனமான கிளிப் மாட்டி அந்தக் குளியலறையிலேயே தொங்கவிடுங்கள். கதவைச் சாத்தி, மின்விசிறி போடாமல் மூன்று நான்கு மணி நேரம். ஈர எமல்ஷனில் ஒட்டிய தூசி பிறகு போகவே போகாது.

நிழலளவு:
முதல் ரோல் காய்ந்ததும், படத்தைப் பார்க்கும் முன் ஓரத்தைப் பாருங்கள். படத்தின் எண்ணும் ஃபிலிமின் பெயரும் தொழிற்சாலையிலேயே வெளிச்சத்தில் பதிந்தவை. உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அதனால் குறை கேமராவிலா கழுவியதிலா என்பதை அவை காட்டிவிடும்.

எழுத்து நல்ல கறுப்பு, படம் மட்டும் வெளிறி, நிழலில் ஒன்றுமே இல்லை என்றால் எடுக்கும்போது வெளிச்சம் போதவில்லை. கூடுதல் நேரம் கழுவினாலும் அது வராது. எழுத்தும் மங்கல், படமும் மங்கல் என்றால் கழுவியது குறைவு: சூடு, நேரம், மருந்தின் வயது மூன்றையும் பாருங்கள். எழுத்து இருக்கிறது, படமே இல்லை என்றால் கேமராவில் ஃபிலிம் ஓடவே இல்லை. எழுத்தும் இல்லாமல் கண்ணாடி மாதிரி வந்தால் டெவலப்பர் செத்திருக்கிறது, அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். மருந்துக் குவளைகளில் 1, 2, 3 என்று பெரிதாக எழுதி, இடமிருந்து வலமாக அந்த வரிசையிலேயே வையுங்கள்.

பால் போல மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஃபிக்ஸர் போதவில்லை. புது ஃபிக்ஸரில் திரும்பப் போட்டு அலசினால் தெளியும். ஒழுங்கற்ற திட்டு ஒன்று மட்டும் கழுவப்படாமல் நின்றால், ரீலில் இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. அதற்கு மருந்தில்லை. சின்ன வட்டத் தெளிவுப் புள்ளிகள் காற்றுக் குமிழி, தட்ட மறந்ததால் வந்தவை.

இருட்டுப்பை:
ஒன்று விடுபட்டுப் போயிற்று. தீர்ந்த ஃபிக்ஸரைச் சாக்கடையிலும் தோட்டத்திலும் ஊற்றாதீர்கள். ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி முழுவதும் அதில்தான் இருக்கிறது. வெள்ளி நீர் உயிர்களுக்கு விஷம், செப்டிக் டேங்கில் வேலை செய்யும் கிருமிகளையும் கொல்லும். தனிப் புட்டியில் சேர்த்து வைத்து, வெள்ளி பிரித்தெடுக்கும் லேபிடமோ அபாயக் கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். குளிர்பானம் வந்த பழைய புட்டியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வீட்டில் யாராவது தவறிக் குடித்துவிடக்கூடும். புட்டியில் மருந்தின் பெயரையும் கலக்கிய தேதியையும் எழுதுங்கள். டெவலப்பர் புட்டியைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள், உள்ளே நிற்கும் காற்றுதான் அதைக் கெடுக்கிறது. 1 லிட்டர் ஐடி-11-ஐ இரண்டு 500 மில்லிப் புட்டியில் பிரித்து வைத்தால், ஒன்றைத் திறந்து தீர்க்கும்வரை மற்றது புதிதாகவே இருக்கும்.